கட்டக்கோரைப் பாசிக்கு டிஎல்சி: கறை இழுபடுகிறது, ஆர்எஃப் காலைக்கும் மதியத்துக்கும் மாறுகிறது

கேள்வி: கீழக்கரை_வேதியியல்

எல்லோருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக நம் கடற்கரையில் கிடைக்கும் மூன்று பாசிகளின் நிறமிகளை மெல்லிய அடுக்கு வண்ணப்பிரிகையில் (டிஎல்சி) பிரித்து ஒப்பிடுகிறேன். கட்டக்கோரை (சார்காசம்), கஞ்சிப்பாசி (கிராசிலேரியா), பச்சைப் பாசி உல்வா, இந்த மூன்றும்தான்.

செய்முறை இது: புதுப் பாசியை நறுக்கி, அசிட்டோன் விட்டு உரலில் அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றையே நேராகத் தகட்டில் புள்ளி வைக்கிறேன். தகடு அலுமினியம் முதுகுள்ள சிலிக்கா ஜெல் 60 எஃப்254, 0.2 மி.மீ. படலம், 5 × 10 செ.மீ. அளவில் வெட்டியது. கரைப்பான் பெட்ரோலியம் ஈதரும் அசிட்டோனும் 7:3. பீக்கரில் ஊற்றி மேலே பெட்ரி தட்டு மூடி.

வரும் சிக்கல்கள்: கட்டக்கோரைப் புள்ளி அடிக்கோட்டிலிருந்தே பழுப்பாக வால் விட்டு இழுபடுகிறது. உல்வாவின் பெரிய பச்சைக் கறைக்குக் காலையில் ஆர்எஃப் (கறை ஓடிய தூரத்தைக் கரைப்பான் ஓடிய தூரத்தால் வகுத்த எண்) 0.60, மதியம் 0.50. பச்சைக்கு மேலே சாம்பல் நிறத்தில் இன்னொரு கறை எல்லாத் தகட்டிலும் இருக்கிறது. கஞ்சிப்பாசி கண்ணுக்குச் செவ்வூதாவாக இருந்தும் தகட்டில் சிவப்பே இல்லை, பச்சையும் மஞ்சளும்தான்.

கரைப்பான் விகிதத்தை மாற்றட்டுமா? தகட்டை 110 டிகிரியில் சூடாக்கினால் சரியாகுமா?

பதில் 1: சிலிக்கா_மேசை

கரைப்பானில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். 7:3 இந்த நிறமிகளுக்கு நல்ல விகிதம்தான். உங்கள் சாறு ஈரமாக இருக்கிறது, இழுபடுவதற்கு முதல் காரணம் அதுதான்.

புதுப் பாசியின் எடையில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர். அசிட்டோன் தண்ணீரோடு எந்த விகிதத்திலும் கலக்கும். ஆகவே உங்கள் அசிட்டோன் சாற்றில் பாசியின் தண்ணீர், கடல் உப்பு, மானிட்டால், பழுப்புப் பாசிக்கே உரிய ஃபீனால் சேர்மங்கள் எல்லாம் நிறமியோடு சேர்ந்தே வருகின்றன. சிலிக்காவின் மேற்பரப்பில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் முனைவுள்ளதை (மின்னேற்றம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் மூலக்கூறுகளை) பிடித்து நிறுத்தும், முனைவு குறைந்ததை விட்டுவிடும். மொத்தப் பிரிப்பும் இந்தப் பிடியை நம்பித்தான் நடக்கிறது. புள்ளி வைத்த இடத்திலேயே தண்ணீரும் உப்பும் உட்கார்ந்துகொண்டால் அங்கே பிடி ஒரே சீராக இருக்காது. நிறமி கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று ஓடும். நீங்கள் பார்க்கும் வால் அதுதான்.

நிறமியை அசிட்டோனிலிருந்து ஈதருக்கு மாற்றிவிட்டுப் புள்ளி வையுங்கள். தண்ணீர் ஒற்றிய பாசி 2 கிராம் எடுத்துப் பொடியாக நறுக்குங்கள். உரலில் போட்டு, கழுவிக் காயவைத்த மணல் ஒரு சிட்டிகை, மெக்னீசியம் கார்பனேட் ஒரு சிட்டிகை (சுமார் 0.1 கிராம்) சேருங்கள். குளிர்ந்த அசிட்டோன் 5 மி.லி. விட்டு அரைத்து வடித்து, இன்னொரு 5 மி.லி. விட்டு மறுபடி அரையுங்கள். கட்டக்கோரையில் ஆல்ஜினேட் இருப்பதால் தண்ணீர் பட்டால் வழவழப்பாகிவிடும். உரலுக்குள் முதலில் போவது அசிட்டோனாகவே இருக்கட்டும், அதில் ஆல்ஜினேட் கரையாமல் சக்கையோடு நின்றுவிடும். பஞ்சு வைத்த புனலில் வடித்தால் போதும். ஜன்னல் வெயில் படாத மேசையில் செய்யுங்கள்.

இந்தச் சாறு 10 மி.லி.யைப் பிரிபுனலில் ஊற்றி, பெட்ரோலியம் ஈதரும் டைஎத்தில் ஈதரும் சமமாகக் கலந்த 10 மி.லி.யைச் சேருங்கள். பெட்ரோலியம் ஈதர் மட்டும் போதாதா என்றால், உல்வாவுக்குப் பெரும்பாலும் போதும். கட்டக்கோரைக்குப் போதாது, ஏனென்றால் அதன் முக்கிய நிறமியான ஃபூகோசாந்தின் முனைவுள்ளது; வெறும் பெட்ரோலியம் ஈதரில் அரைகுறையாகத்தான் ஏறும், மிச்சம் கீழடுக்கோடு வீணாகப் போய்விடும். பிறகு 10 சதவீத உப்புக் கரைசல் 10 மி.லி.யைச் சுவரோரமாக மெதுவாக இறக்குங்கள். குலுக்க வேண்டாம், சுழற்றினால் போதும். குலுக்கினால் பால்மமாகிப் பிரியாமல் நிற்கும். நம் ஊர்ச் சூட்டில் ஈதர் ஆவி சீக்கிரம் அழுத்தம் கட்டும், ஆகவே அடிக்கடி குழாயைத் திறந்து காற்றை விடுங்கள். கீழடுக்கை இறக்கிவிட்டு, மேலடுக்கை 10 மி.லி. தண்ணீரால் இரண்டு தடவை கழுவுங்கள். அசிட்டோன், உப்பு, ஃபீனால் சேர்மங்களில் பெரும்பகுதி எல்லாம் அதோடு போய்விடும்.

மேலடுக்கில் நீரற்ற சோடியம் சல்பேட் ஒரு கிராம் போட்டுச் சுழற்றுங்கள். தூள் கட்டிப் பிடித்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று பொருள். மேலும் கொஞ்சம் போட்டு, மணிகள் தனித்தனியாக உதிர்ந்து ஓடும் வரை பாருங்கள். தெளிவை வேறு குப்பிக்கு மாற்றி, 40 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீர்த் தொட்டியில் வைத்து அரை மி.லி.யாகக் குறுக்குங்கள். முழுக்க வற்றவிடாதீர்கள்: பழைய டைஎத்தில் ஈதரில் பெராக்சைடு சேர்ந்திருக்கும், வற்றினால் வெடிக்கும் ஆபத்து உண்டு. புதிதாகத் திறந்த புட்டியையே எடுங்கள். பக்கத்தில் பன்சன் சுடர் கூடவே கூடாது.

அந்த அரை மி.லி.தான் புள்ளி வைக்க வேண்டிய சாறு. உருகுநிலை பார்க்கும் நுண்குழாயைச் சுடரில் இழுத்து மெலிதாக்கி (இதைச் சாறு எடுப்பதற்கு முன்பே, வேறு மேசையில் செய்து வைத்துக்கொள்ளுங்கள்), நுனி படலத்தைக் கீறாமல் தொட்டு எடுங்கள். புள்ளி 2 மி.மீ.க்கு மேல் பரவக் கூடாது. ஒரே இடத்தில் ஐந்தாறு தொடல், ஒவ்வொன்றுக்கும் நடுவே காயவிட வேண்டும். ஒரே தொடலில் அத்தனையையும் இறக்கினால் வளையம் வளையமாகப் பரவிவிடும். நிறம் அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அதிகம் ஏற்றினாலும் வால் வரும். சந்தேகம் இருந்தால் ஒரே சாற்றை இரண்டு தொடல், ஐந்து தொடல், பத்துத் தொடல் என்று பக்கம் பக்கமாக வைத்து ஓட்டுங்கள். எந்த அளவில் வால் தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

பதில் 2: உப்புக்காற்று

ஆர்எஃப் மாறுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கடலோர லேப் எல்லாவற்றிலும் இருக்கும் சிக்கல் இது.

சிலிக்கா காற்றிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிய தண்ணீர் ஹைட்ராக்சில் தொகுதிகளை அடைத்துக்கொள்வதால் நிறமியைப் பிடிக்கும் இடம் குறைகிறது, நிறமி மேலே ஏறுகிறது, ஆர்எஃப் கூடுகிறது. கீழக்கரையில் காலையில் காற்றின் ஈரப்பதம் அதிகம், மதிய வெயிலில் குறையும். உங்கள் 0.60, 0.50 அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் ஏறும்.

110 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கினால் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் அடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, கோடு போட்டு, நாலு புள்ளி வைத்து முடிப்பதற்குள் சிலிக்கா அறையின் ஈரத்தைத் திரும்பவும் வாங்கிவிடும். சில நிமிடம் போதும் அதற்கு. அதனால் சூடாக்குவதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். என் கருத்தில், காய்ந்த தகட்டைத் தேடி ஓடுவதைவிட எல்லாத் தகடும் ஒரே ஈரத்தில் இருக்கும்படி செய்வது நமக்குச் சரியான வழி.

அதற்கு ஒரு டெசிக்கேட்டரின் (மூடி இறுகும் உலர்த்துக் கலம்) அடியில் சிலிக்கா ஜெல் மணிக்குப் பதில் மெக்னீசியம் குளோரைடின் நிறைவுற்ற கரைசலை வையுங்கள். கரையாத உப்பு அடியில் கொஞ்சம் கிடக்க வேண்டும், அப்போதுதான் நிறைவுற்றது. 25 முதல் 30 டிகிரியில் அது மேலுள்ள காற்றை 33 சதவீத ஈரப்பதத்தை ஒட்டி நிறுத்தும். சாதாரண உப்பு என்றால் 75 சதவீதம். புள்ளி வைத்துக் காய்ந்த தகட்டை அதற்குள் ஒரு மணி நேரம் இருட்டில் வைத்து, எடுத்த உடனே ஜாடியில் இறக்குங்கள். வாலிநோக்கம் பக்கத்து உப்பளத்தில் கசப்புநீர் (உப்பு எடுத்த பின் மிஞ்சும் நீர்) சும்மா கிடைக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அதில் மெக்னீசியம் குளோரைடோடு சல்பேட்டும் சோடியம் உப்பும் கலந்திருப்பதால் ஈரப்பதம் இவ்வளவு என்று சொல்ல முடியாது. லேப் உப்பே வாங்குங்கள்.

அடுத்தது ஜாடி. பீக்கரும் பெட்ரி தட்டும் வேண்டாம், மூக்கு வழியாக ஆவி போய்க்கொண்டே இருக்கும். 10 செ.மீ. தகடு நிற்கும் உயரமான, மூடி இறுகும் அகலவாய்க் கண்ணாடி ஜாடி எடுங்கள். 7 செ.மீ. விட்டமுள்ள ஜாடிக்கு 14 மி.லி. பெட்ரோலியம் ஈதர், 6 மி.லி. அசிட்டோன், மொத்தம் 20 மி.லி. உள்சுவரில் வடிதாள் ஒன்றைப் பாதிச் சுற்றுக்கு நிறுத்தி, கரைப்பானில் நனைய விட்டு, மூடி 20 நிமிடம் வையுங்கள். ஜாடி ஆவியால் நிறையாவிட்டால் தகட்டில் ஏறும் கரைப்பான் வழியிலேயே ஆவியாகும், அதுவும் ஓரங்களில் அதிகம். அப்போது முகப்பு (கரைப்பான் ஏறும் விளிம்பு) வளையும், நடுப் புள்ளிக்கு ஒரு ஆர்எஃப், ஓரப் புள்ளிக்கு இன்னொன்று வரும். ஒரே சாற்றை மூன்று இடத்தில் வைத்து ஓட்டினால் இது உடனே தெரியும்.

பெட்ரோலியம் ஈதர் 40–60 வகையா, 60–80 வகையா (அது கொதிக்கும் டிகிரி) என்று புட்டியைப் பாருங்கள். நம் மதியச் சூட்டுக்கு 60–80 தான் ஒத்துவரும், அல்லது ஹெக்சேன். 40–60 என்றால் ஜாடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈதர் பறந்து விகிதம் மாறிவிடும். ஒரு கலவையை இரண்டு தகட்டுக்கு மேல் ஓட்டாதீர்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், கடல்காற்று வரும் ஜன்னலையும் அந்த நேரத்துக்குச் சாத்துங்கள். கரைப்பானைக் கலப்பது மட்டும் ஆவிபோக்கிக்கு அடியில் இருக்கட்டும்.

கோடு பென்சிலால், அடியிலிருந்து 1.5 செ.மீ. பேனா மை கரைந்து அதுவும் ஓடும். கரைப்பான் அரை செ.மீ. ஆழம்தான், புள்ளி மூழ்கினால் நிறமி ஜாடிக்குள் கரைந்துவிடும். முகப்பு 9.5 செ.மீ. தொட்டதும் எடுத்து, அது உலர்வதற்குள் பென்சிலால் குறியுங்கள். கரைப்பான் ஓடியது 8 செ.மீ., கறையின் நடு 4.4 செ.மீ. என்றால் ஆர்எஃப் 0.55.

இவ்வளவு செய்தும் ஆர்எஃப் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். ஆகவே அடையாளம் காண்பதற்கு எண்ணை மட்டும் நம்பாமல், ஒப்பீட்டுச் சாற்றை அதே தகட்டிலேயே ஓட்டுங்கள். முருங்கைக் கீரைச் சாறு ஒன்று வைத்தால் குளோரோபில் ஏ, குளோரோபில் பி, லூட்டின், பீட்டா கரோட்டின் எல்லாம் வந்துவிடும். ஹெக்சேனில் இறக்கிய கேரட் சாறு பீட்டா கரோட்டினுக்கு. மற்ற தகட்டோடு ஒப்பிடும்போது குளோரோபில் ஏ ஓடிய தூரத்தை 1 என்று வைத்து மற்றதை அதன் விகிதமாக எழுதுங்கள்.

பதில் 3: நிறமி_வாசகர்

சாம்பல் கறைக்கும் காணாமல் போன சிவப்புக்கும் பதில்.

பச்சைக்கு மேலே தெரியும் சாம்பல் கறை ஃபியோஃபைட்டின். குளோரோபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அயனி இருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறி இரண்டு ஹைட்ரஜன் அந்த இடத்துக்கு வரும். நிறம் பச்சையிலிருந்து சாம்பல் கலந்த பழுப்பாகும், முனைவு குறையும், அதனால் குளோரோபிலைவிட மேலே ஓடும். அமிலம் எங்கிருந்து வருகிறது? பாசியின் உயிரணுக்களிலேயே இருக்கிறது. அரைக்கும்போது குளோரோபிலோடு கலந்துவிடும். முதல் பதிலில் மெக்னீசியம் கார்பனேட் போடச் சொன்னது இதற்காகத்தான், கால்சியம் கார்பனேட்டும் ஆகும். சிலிக்காவே லேசான அமிலத்தன்மை கொண்டது, ஆகவே புள்ளி வைத்த தகட்டை வெளிச்சத்தில் காக்க வைத்தால் அங்கேயும் மாறும்.

உறுதி செய்வது எளிது. சாற்றில் ஐந்து துளியைத் தனியே எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு துளி சேர்த்துக் கலக்குங்கள், பச்சை பழுப்பாகும். அதையும் அமிலம் படாத சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். உங்கள் சாம்பல் கறை அமிலச் சாற்றின் பெரிய கறையோடு ஒரே உயரத்தில் நின்றால் அதுவேதான்.

1900களின் தொடக்கத்தில் ருஷ்யத் தாவரவியலாளர் மிகைல் த்ஸ்வெட் இலை நிறமிகளைப் பிரித்துக் காட்டி வண்ணப்பிரிகை முறைக்குப் பெயர் வைத்தபோது கண்ணாடிக் குழாயில் நிரப்பியது கால்சியம் கார்பனேட் தூள். சிலிக்காவைவிட அது குளோரோபிலுக்கு மென்மையானது. மெல்லிய படலம் பிறகு வந்தது: 1938-இல் கார்கிவில் இஸ்மாயிலோவும் ஷ்ரைபரும் தொடங்கினார்கள், 1950களில் எகோன் ஷ்டால் சிலிக்காவையும் படலத் தடிமனையும் ஒழுங்குபடுத்திய பிறகே எல்லா லேபுக்கும் பரவியது.

கஞ்சிப்பாசியின் சிவப்புக்கு ஃபைகோஎரித்ரின் காரணம். அது புரதத்தோடு இணைந்த நிறமி, தண்ணீரில் கரையும், அசிட்டோனில் கரையாது. நீங்கள் வடித்த பிறகு உரலில் நிற்கும் சக்கையைப் பாருங்கள், சிவப்பு அங்கேதான் இருக்கும். அதைத் தகட்டில் ஓட்ட முயல வேண்டாம். இந்தக் கரைப்பானில் புரதம் அடிக்கோட்டை விட்டு நகராது. தனியாகக் காட்ட வேண்டுமென்றால் வேறு 2 கிராம் பாசியை உறையவைத்து உருக்கி, 0.1 மோலார் பாஸ்பேட் தாங்கல் கரைசலில், பிஎச் 7-ஐ ஒட்டி, குளிரில் அரைத்து வடியுங்கள். இளஞ்சிவப்புக் கரைசல் வரும், புறஊதா விளக்கில் ஆரஞ்சாக ஒளிரும். சூடாக்கினால் புரதம் குலைந்து நிறம் போகும்.

7:3-இல் மேலிருந்து கீழாக எதிர்பார்க்க வேண்டியது: முகப்பை ஒட்டி மஞ்சள் கலந்த ஆரஞ்சு பீட்டா கரோட்டின், சாம்பல் ஃபியோஃபைட்டின், நீலம் கலந்த பச்சை குளோரோபில் ஏ, மஞ்சள் கலந்த பச்சை குளோரோபில் பி, அதற்கும் கீழே லூட்டின் முதலான மஞ்சள் கறைகள். உல்வாவில் ஏ, பி இரண்டும் உண்டு. கட்டக்கோரையில் பி கிடையாது. குளோரோபில் ஏ-க்குக் கீழே நல்ல ஆரஞ்சு நிறத்தில் ஃபூகோசாந்தின், அடிக்கோட்டை ஒட்டி வெளிறிய பச்சையாகக் குளோரோபில் சி. சி-யில் ஃபைட்டால் வால் (முனைவில்லாத நீண்ட சங்கிலி) இல்லை, அமிலத் தொகுதி திறந்தே இருக்கிறது, அதனால் சிலிக்கா அதை விடாது. சாறு எவ்வளவு சுத்தமானாலும் அடியில் லேசான பச்சை நின்றால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். கஞ்சிப்பாசியில் பி-யும் இல்லை, ஃபூகோசாந்தினும் இல்லை.

365 நானோமீட்டர் விளக்கில் குளோரோபிலும் ஃபியோஃபைட்டினும் சிவப்பாக ஒளிரும், கரோட்டினாய்டுகள் (மஞ்சள், ஆரஞ்சு நிறமிகள்) ஒளிராது. 254-இல் தகடு முழுக்கப் பச்சையாக ஒளிரும், உறிஞ்சும் கறைகள் கருமையாகத் தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கரோட்டினாய்டு கறைகள் வெளிச்சத்திலும் காற்றிலும் வெளுத்துப்போகும், ஆகவே தகடு காய்ந்ததும் கறையைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து, நிறத்தை எழுதி, உடனே படம் எடுத்துவிடுங்கள்.

பதில் 4: மண்டபம்_பாசி

லேபுக்கு வருவதற்கு முன்னாடி நடப்பதையும் கவனிங்க தங்கச்சி. கட்டக்கோரையில சின்னச் சின்ன ஒட்டுப்பாசி நிறைய பிடிச்சிருக்கும், அதுல பச்சை இழைப்பாசியும் உண்டு. அதைச் சுரண்டாம அரைச்சா கட்டக்கோரையில குளோரோபில் பி இருக்குங்கிற மாதிரி கறை வந்து நிக்கும். இளங்கொழுந்தா எடுத்து, கடல் தண்ணியிலேயே பிரஷ் வச்சுக் கழுவி, லென்ஸ்ல ஒரு தடவை பாருங்க. நல்ல தண்ணியில கடைசியா ஒரு அலசு, அவ்வளவுதான். கஞ்சிப்பாசியை நல்ல தண்ணியில ஊறப்போட்டா சிவப்பு கசிஞ்சு போயிரும்.

கரையில ஒதுங்கிக் காஞ்சு கிடக்கிறதை நிறமி வேலைக்கு எடுக்காதீங்க. வியாபாரத்துக்கு மணல்ல காயவச்ச பாசியும் வேண்டாம். வெயில்ல பாதி நிறமி போயிருக்கும், மிச்சம் ஃபியோஃபைட்டினாத்தான் இருக்கும். கடல் தண்ணியில நனைச்ச துணியில சுத்தி, ஐஸ் பெட்டியில, இருட்டா கொண்டு வாங்க. அன்னிக்கே அரைக்க முடியலைன்னா ஒற்றி எடுத்து மைனஸ் 20-ல வைங்க. பக்கோடா பாசியும் சேர்க்கிற எண்ணம் இருந்தா, அது தடிப்பு. உறையவச்சு உடைச்சுத்தான் அரைக்கணும்.

மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொண்ணுமே கடல்சார் தேசியப் பூங்கா. அங்க வனத்துறை அனுமதி இல்லாம ஒரு கொத்துகூட எடுக்கக் கூடாது. எங்க எடுத்தது, எந்தத் தேதி, எவ்வளவு ஆழம்னு புராஜெக்ட்ல எழுதிடுங்க.

கீழக்கரை_வேதியியல்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம்: ஃபூகோசாந்தின் கறையைச் சுரண்டி எடுத்து நிறமாலைமானியில் அளவு பார்க்க முடியுமா?

பதில் 5: சிலிக்கா_மேசை

அடையாளத்துக்குப் பார்க்கலாம். ஒரு புள்ளியில் இருக்கும் நிறமி போதாது. சாற்றை அடிக்கோடு நெடுக மெல்லிய பட்டையாக வைத்து ஓட்டுங்கள். ஆரஞ்சுப் பட்டையைப் பென்சிலால் குறித்து, அலுமினியத் தகடு என்பதால் கத்தரிக்கோலால் அந்தப் பட்டையையே வெட்டிவிடலாம். 3 மி.லி. எத்தனாலில் போட்டுச் சுழற்றி, சிலிக்காத் தூள் முழுக்கப் படியும்படி மையவிலக்கியில் சுற்றுங்கள். தூள் மிதந்தால் ஒளி சிதறி அடிப்படைக் கோடே தூக்கிவிடும். நிறமி இல்லாத இடத்திலிருந்து அதே அளவு தகட்டை வெட்டி, அதே எத்தனாலில் போட்டு, அதை வெற்று மாதிரியாக (ஒப்பிடும் பூச்சிய அளவாக) வையுங்கள். ஃபூகோசாந்தினுக்கு எத்தனாலில் உச்சம் 450 நானோமீட்டரை ஒட்டி வரும். 660-ஐ ஒட்டி இன்னொரு உச்சம் தெரிந்தால் குளோரோபில் கலந்திருக்கிறது, பட்டையை இன்னும் ஒடுக்கமாக வெட்டி மறுபடி ஓட்டுங்கள்.

பாசியில் ஒரு கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளவு எழுதுவதற்கு மட்டும் இதை நம்பாதீர்கள். பிரிபுனலில் கொஞ்சம், தகட்டில் வெளுத்தது கொஞ்சம், சிலிக்கா விடாமல் பிடித்தது கொஞ்சம் என்று இழப்பு தகட்டுக்குத் தகடு வேறாக இருக்கும். அளவுக்கு எச்பிஎல்சி (உயர்திறன் நீர்ம வண்ணப்பிரிகை) வேண்டும்.

தொண்டி_அறிவியல்_ஆசிரியை:

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டச் சிலிக்காத் தகடு இல்லாமல் ஏதாவது வழி உண்டா? பள்ளியில் அசிட்டோன் மட்டும்தான் இருக்கிறது.

பதில் 6: நிறமி_வாசகர்

கரும்பலகைச் சாக்குக்கட்டி போதும், மேடம். வெள்ளைக் கட்டியாக இருக்கட்டும். தூசு பறக்காத வகைக்கு மேல்பூச்சு இருக்கும், அது வேண்டாம். சாதாரணச் சாக்கின் அடியிலிருந்து 1.5 செ.மீ. மேலே, முருங்கைக் கீரை அல்லது உல்வாவின் அடர்ந்த அசிட்டோன் சாற்றைச் சுற்றிலும் வளையமாக வைத்து, காயவிட்டு, மறுபடி வைத்து நாலைந்து தடவை ஏற்றுங்கள். சின்னக் கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் அரை செ.மீ. ஊற்றிச் சாக்கை நட்டமாக நிறுத்தி மூடிவிடுங்கள். அசிட்டோன் தனியாக இருக்கும்போது எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கும், ஆகவே சிலிக்காவில் வரும் தெளிவு வராது. ஆனால் மஞ்சள் மேலேயும் பச்சை கீழேயுமாக விலகுவதைப் பிள்ளைகள் பார்க்கலாம். மாமூல் பெட்ரோல், மண்ணெண்ணெய் கலந்து பார்க்க வேண்டாம், வகுப்பறைக்கு அது ஆபத்து. ஜன்னல்கள் திறந்திருக்கட்டும், தீப்பெட்டி, அடுப்பு எதுவும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீந்த அசிட்டோனைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சேர்த்து வைத்தால் அடுத்த வகுப்புக்குச் சாறு எடுக்கவே பயன்படும்.